பாக்கியம் கிழிக்காத சீட்டு

பாக்கியம் போய்விட்டாள் என்று கிருமாம்பாக்கத்திலிருந்து ஆள் வந்து சொன்னபோது நான் புளி தட்டிக்கொண்டிருந்தேன். மடியெல்லாம் கொட்டை. வந்தவன் வாசலிலேயே நின்று, "சினிமாக் கொட்டாயில சீட்டு கிழிப்பாங்களே, அந்தம்மா செத்துட்டாங்க. வெயில் எறங்கறதுக்குள்ள எடுக்கறாங்களாம்" என்றான். அவள் பேர் அவனுக்குத் தெரியவில்லை. சாவு சொல்ல வருகிறவனுக்குச் செத்தவள் பேர் தெரிய வேண்டாமா? எனக்கு வந்த கோபத்தில் அழுகைகூடப் பின்னால் நின்றுவிட்டது. "பாக்கியம். அவ பேரு பாக்கியம். அடுத்த வூட்டுலயாவது பேரச் சொல்லு" என்று சொல்லி அனுப்பினேன்.

மடியில் கிடந்ததை முற்றத்தில் உதறிவிட்டு எழுந்திருக்க வேண்டியதுதான். எனக்குக் கை வரவில்லை. கொட்டையை அப்படியே முந்தானையில் முடிந்துகொண்டு சாவு வீட்டுக்குப் போனேன். பாகூர் ஏரிக்குக் கீழே நடவு நட்ட பெண்கள் யாரைக் கேட்டாலும் அதற்குக் காரணம் சொல்வார்கள். கேட்காதவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. பதினாறாம் நாள் காரியத்துக்கு அச்சடித்த நோட்டீஸில் அவளைப் பற்றி ஒன்றரை வரி போட்டிருக்கிறார்கள். அந்த ஒன்றரை வரியில் பாதி, நாட்டாமை வீட்டார் செய்த உபகாரம். அதைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியாது. என் பேர் அஞ்சலை. எனக்குப் படிப்பு இரண்டாம் வகுப்போடு நின்றது. எழுத்துக் கூட்டக் கற்றது பள்ளிக்கூடத்தில்; நிற்காமல் வாசிக்கக் கற்றது சினிமாப் பாட்டுப் புஸ்தகத்தில். பிழை இருந்தால் அச்சுக்காரர் திருத்திக்கொள்ளட்டும். நடந்த நடப்பை யாரும் திருத்த வேண்டாம். அது எனக்கு நேற்றுப்போல் இருக்கிறது.

உலகச் சண்டைக் காலம் அது, எங்கள் பக்கம் பிரெஞ்சுக்காரன் ஆட்சி. அரிசிக்கு அல்லாடினோம், துணிக்கு அல்லாடினோம், சினிமா மட்டும் தவறாமல் வந்தது. வில்லியனூரில் மளிகைக் கடை வைத்திருந்த காதர் பாய், தை அறுப்பு முடிந்ததும் எங்கள் ஊர் நாட்டாமையின் மேட்டு நிலத்தில் கூடாரம் போடுவார். ஐப்பசி மழைக்கு முன்னால் பிரித்துக்கொண்டு போய்விடுவார். கூடாரத்துக்கு நடுவே ஒரு கயிறு. அந்தப் பக்கம் ஆண்கள், இந்தப் பக்கம் பெண்கள். முதல் வருஷம் பெண்கள் பக்கம் மணல் மட்டும்தான் உட்கார்ந்திருந்தது. படம் பிடிக்கவில்லையோ என்று பாய் படத்தை மாற்றி மாற்றிப் பார்த்தார். பெண்கள் வாசலில் ஒரு தடியனை நிறுத்திவைத்தால் அவன் கைக்குக் கீழே குனிந்து எந்தப் பெண் உள்ளே போவாள்? இதை அவருக்கு எடுத்துச் சொல்ல அவர் மனைவிக்கு ஒரு வருஷம் ஆயிற்று. அதன்பிறகுதான் பாக்கியத்தைக் கூப்பிட்டு அந்த வாசலில் நிறுத்தினார்.

பாக்கியத்தின் புருஷன் சைகோனுக்குக் கப்பல் ஏறியவன். போனவன் போனவன்தான், கடுதாசி கிடையாது, காசு கிடையாது. அவள் நடவுக்கும் களைக்கும் போய்ப் பிழைத்தாள். நெட்டையான உடம்பு. வலது கண் கொஞ்சம் இடுங்கினாற்போல் இருக்கும். சீட்டை வாங்கி அந்தக் கண்ணால் ஒரு பார்வை, பிறகு ஒரே கிழி. பாதி நம் கையில், பாதி அவள் இடுப்புப் பையில். வாசலில் ஒரு குடம் தண்ணீர் வைத்திருப்பாள். அது பாய் சொல்லி வைத்ததில்லை. சேற்றிலிருந்து நேரே வருகிறவளுக்கு முதலில் வேண்டியது தண்ணீர் என்று அவளுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

அவள் வாசலுக்கு வந்த முதல் வாரத்திலேயே நாட்டாமை மனைவி சீட்டு வாங்காமல் வந்து நின்றாள். நான் பின்னால் நின்றிருந்தேன். பாக்கியம் கையை நீட்டினாள். "இன்னா கைய நீட்டற? எங்க நெலத்துலதான்டி கொட்டாய் நிக்குது" என்றாள் அந்த அம்மாள். பாக்கியம் குரலை உயர்த்தவில்லை. "நெலம் ஒங்களுது. படம் பாயோடது. வாசல் என்னுது. சீட்டு வாங்கிக்கினு வாங்கம்மா, ஒங்களுக்கு நல்ல எடமா பார்த்து வைக்கறேன்" என்றாள். ஊரே கேட்டுக்கொண்டிருந்தது. நாட்டாமை மனைவி திரும்பிப் போய்ச் சீட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். பாக்கியம் அதைக் கிழித்தாள். சொன்னபடி தூணுக்குப் பக்கத்தில் நல்ல இடமும் வைத்திருந்தாள். அந்த அம்மாள் அதை மறந்துவிட்டாள். நாட்டாமை மறக்கவில்லை.

இனி பரிசு விழாவுக்கு வருகிறேன். பட்டணத்தில் வருஷா வருஷம் சினிமாக்காரர்களுக்குப் பரிசு கொடுக்கிறார்களாம் என்று யாரோ பாயின் காதில் போட்டிருக்கிறார்கள். பாய்க்கு உடனே நம் கொட்டகையிலும் கொடுத்தால் என்ன என்று தோன்றிவிட்டது. கடைசி ஆட்டத்துக்கு மறுநாள் பகலில் கூடாரத்தின் பக்கப் படுதாவையெல்லாம் சுருட்டிக் கட்டிவிட்டு, வெளிச்சத்தில் விழா. மேளம் உண்டு, சர்க்கரைத் தண்ணீர் உண்டு. அந்த வருஷம் ஓடிய படங்களில் பேர் வாங்கியவர்கள் நாலு பேரின் உருவத்தை நோட்டீஸிலிருந்து வெட்டி நாலு பானைமேல் ஒட்டியிருப்பார்கள். ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை. எந்தப் பானையில் கொட்டை அதிகமோ அவருக்கு வெள்ளி லோட்டா.

ஆளுக்கு ஒன்று என்றால் ஆண் ஆளுக்கு ஒன்று. ஆண்பிள்ளை போட்டால் வீடே போட்ட மாதிரி என்று நாட்டாமை தீர்ப்புச் சொன்னார். பரிசு பெற்றவரோ பட்டணத்தில் இருப்பார். பாகூரில் தனக்குப் பானை வைத்திருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? அதனால் அவர் சார்பாக நாட்டாமையே மேடை ஏறி, மாலையைப் போட்டுக்கொண்டு, லோட்டாவை வாங்கிக்கொள்வார். இரண்டு வருஷம் ஒரே கத்திச்சண்டைக்காரர் ஜெயித்தார். இரண்டு லோட்டாவும், பட்டணத்துக்கு அனுப்பிவைக்கிறேன் என்ற பேச்சோடு நாட்டாமை வீட்டுக்குப் போயின. அதில் ஒன்றில் அவர் மோர் குடித்துக்கொண்டிருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். தவிட்டுக்குப் போயிருந்தபோது பார்த்தேன். இன்றுவரை இரண்டும் அங்கேதான் இருக்கின்றன. அந்த வீட்டு வாசலை நான் மிதிப்பதில்லை.

மூன்றாம் வருஷம்தான் அந்தப் படம் வந்தது. அதன் பேர் எங்கள் யாருக்கும் நிற்கவில்லை. 'குடம் வைத்த படம்' என்றுதான் சொன்னோம். ராஜா, ராணி, தோட்டம், பாட்டு எல்லாம் இருந்தன. அதையெல்லாம் மறந்துவிட்டோம். அந்தப் படத்தில் ஒரு வேலைக்காரி வருவாள். ராணியின் மோதிரம் காணாமல் போகும். வேலைக்காரிமேல் பழி போட்டு, ஊர் முன்னால் நிற்கவைப்பார்கள். பிறகு மோதிரம் மீன் குளத்தில் கிடைக்கும். ராணி புதுப்புடவை கொடுத்து, எல்லாம் மறந்துவிடு, நாளையிலிருந்து வா என்பாள். வேலைக்காரி தலையில் தண்ணீர்க் குடத்தோடு நிற்பாள். புடவையைத் தொடமாட்டாள். குடத்தை இறக்கி வாசல் படிமேல் வைப்பாள். சும்மாட்டுத் துணியை எடுத்து ஒரு உதறு உதறி இடுப்பில் செருகிக்கொள்வாள். "தண்ணி இங்க இருக்கு. எடுத்துக்குங்க" என்பாள். போய்விடுவாள். திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். அவ்வளவுதான் அவள் படத்தில். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் ராஜாவும் ராணியும் பாடினார்கள்.

 பெண்கள் பக்கத்தில் யாரோ ஒருத்தி கையைத் தட்டினாள், அப்புறம் கொட்டகையே இடிந்துவிடும் போலிருந்தது. ஆண்கள் கயிற்றுக்கு மேலே எட்டிப் பார்த்து, இன்னா, பாம்பா என்று கேட்டார்கள். அந்தப் படம் எட்டு நாள் ஓடியது. எட்டு நாளும் போனவர்கள் எங்களில் உண்டு. களை எடுக்கும்போது ஒருத்தி சும்மாட்டை உதறிச் செருகினால் வரிசையே சிரிக்கும்.

குடம் வைத்தவளாக நடித்தவள் பேர் என்ன என்று பாக்கியம் என்னைக் கேட்டாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. நோட்டீஸ், பாட்டுப் புஸ்தகம் எல்லாம் நான்தான் வாசித்துச் சொல்வேன். முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தேன். ராஜா பேர் இருந்தது, ராணி பேர் இருந்தது, குதிரை கொடுத்தவர் பேர்கூட இருந்தது. அவள் பேர் இல்லை.

"குதிரைக்காரன் பேரு கீது, அவ பேரு இல்லியா?" என்றாள் பாக்கியம். அந்த வாரமே பாயிடம் போனாள். இந்த வருஷம் பெண்களும் கொட்டை போடுவோம் என்றாள். பாய் நல்ல மனிதர்தான்; நிலத்துக்காரருக்குப் பயந்தவர். நாட்டாமையைக் கேட்டார். நாட்டாமை சிரித்துக்கொண்டே சரி என்றுவிட்டார். பெண்களும் கத்திச்சண்டைக்காரருக்குத்தான் போடுவார்கள் என்பது அவர் கணக்கு. விழா அன்று கூட்டத்தில் பெண்கள் வந்து இடிபட வேண்டாம், நடவு நாள் வேறு, கடைசி வாரத்தில் அவர்கள் வாசலிலேயே போட்டுவிடட்டும் என்று முடிவாயிற்று. பாக்கியம் ஐந்தாவதாக ஒரு பானை வைத்தாள். ஒட்டுவதற்கு உருவம் இல்லாததால், சுண்ணாம்பைத் தொட்டு அதன்மேல் ஒரு குடம் வரைந்தாள்.

ஒருத்திக்கு ஒரு கொட்டைதான். யார் போட்டாள், யார் போடவில்லை என்று எழுதி வைக்க அவளுக்குத் தெரியாது; எல்லாம் தலையில் இருந்தது. அவள் கூடப்பிறந்த தங்கையே இரண்டாம் தடவை கையை நீட்டினாள். "முந்தாநாளு சாயங்காலம் போட்ட, எள்ளுருண்டை தின்னுக்கினே போட்ட" என்று பாக்கியம் அவள் கையைத் தட்டிவிட்டாள். ஆறு நாளில் குடம் வரைந்த பானை கழுத்துவரை வந்துவிட்டது. மற்ற பானைகளின் அடி தெரிந்தது.

ஆறாம் நாள் பகலில் தூறல் பிடித்துக்கொண்டது. கூடாரத்தில் ஒழுகாத இடம் இல்லை. கொட்டகைக்குப் பக்கத்து வீடு எங்களுடையது. பானையை நீ வை என்று பாக்கியம் என்னிடம் கொடுத்தாள். நான் அதை அடுப்பங்கரைப் பரணில் ஏற்றி வைத்தேன். என் மாமியாரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளாத வாரம் அது.

மறுநாள் எங்கள் நிலத்தில் நடவு. விடிந்ததும் நான் நாற்றங்காலுக்குப் போய்விட்டேன். ஆட்களுக்குக் கூழுக்குத் தொட்டுக்கொள்ள வீட்டில் ஒன்றும் இல்லை. மாமியார் பரணைப் பார்த்திருக்கிறாள். பெரிய வாணலியை ஏற்றி அத்தனை கொட்டையையும் வறுத்து, தோல் நீக்கி, உப்புத் தண்ணீர் தெளித்து நிலத்துக்கே கொண்டுவந்து விட்டாள். நாங்கள் வரிசையாக வரப்பில் உட்கார்ந்து தின்றோம். நானும் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து பரணைப் பார்த்தபிறகுதான் என்ன தின்றேன் என்று தெரிந்தது. "கொட்டதானேடி, கோயில் நகையா?" என்றாள் மாமியார். அவள் போய் மூன்று வருஷம் ஆகிறது. அந்த வாணலியை நான் இன்னும் தொடுவதில்லை.

விழாவுக்கு இன்னும் மூன்று நாழிகை இருந்தது. பாக்கியம் வாசலில் மாவிலை கட்டிக்கொண்டிருந்தாள். எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. அவள் கை நின்றது. இடுங்கிய கண் என்னைப் பார்த்தது.

"வறுத்தாளா, வேக வச்சாளா?" என்றாள்.

"வறுத்தாங்கக்கா."

"தின்னது யாரு?"

"நடவு ஆளுங்கதான். அல்லாரும் நம்மளுங்க."

அவள் மாவிலைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துக் கிட்டப் போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள். "போட்டவளுங்களே தின்னுட்டாளுங்களா? அப்ப எங்கயும் போவல, அவளுங்ககிட்டதான் கீது. கொட்ட போனா போவுது, அஞ்சல. போட்டவளுங்க இருக்காளுங்க இல்ல?" என்றாள். மாவிலையை என் கையில் திணித்துவிட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரப்புமேல் இறங்கி நடந்தாள். கிருமாம்பாக்கம் எல்லைவரை ஒவ்வொரு நடவு வரிசைக்கும் போய்ச் சொன்னாள் என்று பிறகு தெரிந்தது.

மேளம் அடித்து, நாட்டாமை மேடையில் உட்கார்ந்து, ஆண்கள் கொட்டையை எண்ணி முடித்தார்கள். கத்திச்சண்டைக்காரருக்கு நூற்று முப்பத்தொன்று. மற்ற மூவருக்கும் சேர்த்து அதில் பாதி. பெண்கள் பானை எங்கே என்று பாய் கேட்டார். வேர்த்து விறுவிறுத்து வந்து நின்ற பாக்கியம், தின்றாகிவிட்டது என்றாள். ஆண்கள் பக்கம் கொட்டகை அதிரச் சிரித்தது. நாட்டாமை, பெண்பிள்ளைகளிடம் ஒரு காரியத்தை ஒப்படைத்தால் வயிற்றுக்குத்தான் போகும் என்று சொல்லிவிட்டு மாலைக்குக் கழுத்தை நீட்டினார். அந்தக் கழுத்து நீண்டது இப்போதும் என் கண்ணில் இருக்கிறது.

அப்போதுதான் படுதாவுக்கு வெளியே அவர்கள் வந்தார்கள். முழங்கால்வரை சேறு, கையில் நாற்று வாசனை, இடுப்பில் செருகிய புடவை. கயிற்றுக்கு இந்தப் பக்கம் வரிசை வரிசையாக நின்றார்கள், நடவில் நிற்பதுபோலவே. "கொட்டைக்கு பதிலா ஆளையே எண்ணிக்குங்க பாய்" என்றாள் பாக்கியம். பாய் எண்ணினார். அவர் எண்ணிக்கொண்டே வர, யார் எந்தக் கிழமை போட்டாள் என்று பாக்கியம் பின்னாலேயே சொல்லிக்கொண்டு வந்தாள். நூற்று ஐம்பத்திநாலு பேர்.

நாட்டாமை எழுந்துவிட்டார். "பேரு இல்லாத வேலக்காரிக்கு லோட்டாவா? நோட்டீஸ்லயே பேரு இல்ல. எவளுக்குன்னு குடுப்ப?" என்றார்.

"பேரு தெரியாதது நம்ம குத்தம். அவ குத்தமா?" என்றாள் பாக்கியம்.

 நாட்டாமை பேச்சை வேறு பக்கம் திருப்பினார். "எல்லாம் கூலிக்காரிங்க. மானமுள்ள குடும்பத்துப் பொம்பள ஒருத்தியாச்சும் போட்டாளா, கேளுய்யா" என்று பாயைப் பார்த்துக் கத்தினார். எங்களில் சிலருக்குத் தலை குனிந்தது. எனக்குக் குனியவில்லை, நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் பின்னால் நாற்காலியில் இருந்த அவர் மனைவி எழுந்திருப்பதை முதலில் பார்த்தவள் நான். அந்த அம்மாள் மெதுவாக மேடையைச் சுற்றி வந்தாள். கயிற்றைத் தூக்கிக் குனிந்து இந்தப் பக்கம் வந்தாள். சேற்றுக் கால்களுக்கு நடுவே, பட்டுப் புடவையோடு, வரிசையின் கடைசியில் நின்றாள். "நானும் போட்டன். சீட்டு வாங்கித்தான் போனன்" என்றாள்.

பாக்கியம் பாயைத் திரும்பிப் பார்த்தாள். "செவ்வாக்கெழம, மொத ஆளா போட்டாங்க. வரிசையில இல்லன்னு நான் சொல்லாம விட்டேன். அவுங்களே வந்துட்டாங்க" என்றாள்.

நூற்று ஐம்பத்தைந்து. பாய் லோட்டாவை எடுத்துப் பாக்கியத்தின் கையில் கொடுத்தார். மாலையை மட்டும் அவள் போட்டுக்கொள்ளவில்லை. அது குடம் வைத்தவளுக்கு, நான் கொண்டுபோய்ச் சேர்க்கிறவள்தான் என்றாள்.

சேர்ப்பது எப்படி? பாட்டுப் புஸ்தகத்தின் பின்னட்டையில் படக் கம்பெனியின் விலாசம் இருந்தது. பாக்கியம் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். என் வாழ்க்கையில் எழுதிய முதல் கடுதாசி அது. 'குடம் வைத்த அம்மாளுக்கு, பாகூர் கொட்டகைப் பெண்கள் எழுதிக்கொண்டது. உங்கள் பேர் எங்களுக்குத் தெரியாது. உங்களுக்கு வெள்ளி லோட்டா கொடுத்திருக்கிறோம். வந்து வாங்கிக்கொள்ளவும். வர முடியாவிட்டால் பேரையாவது எழுதவும்.' இதுதான் முழுவதும். பதில் வரவில்லை. ஐப்பசி போயிற்று, மார்கழி போயிற்று. கடைத்தெருவில் ஆண்கள், "இன்னா பாக்கியம், ராணி வண்டி எந்த ஊருல நிக்குது?" என்று கேட்பார்கள். யார் யார் கேட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்கள் பிள்ளைகள் இதைப் படிப்பார்கள் என்பதால் விடுகிறேன். பாக்கியம் லோட்டாவைத் துணியில் சுற்றித் தன் அரிசிப் பானைக்குள் வைத்திருந்தாள். பானையில் அரிசி இல்லாத நாளிலும் அது இருந்தது. ஒரு வாய்த் தண்ணீர் அதில் அவள் குடித்ததில்லை.

தை பிறந்து கூடாரம் மறுபடி எழுந்தது. அவள் லோட்டாவைத் தினமும் இடுப்புப் பையில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வருவாள். யாராவது கேட்டால், "வரவ என்னைக்கு வருவான்னு யாருக்குத் தெரியும்? வந்தா காத்திருக்க வைக்கறதா?" என்பாள்.

மாசியில் ஒரு நாள், பொழுது சாயும் நேரம். வாசலில் நல்ல கூட்டம். நான் பாக்கியத்துக்குப் பக்கத்தில் நின்று புது நோட்டீஸை வாசித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். வரிசையில் நாற்பது வயசு மதிக்கத்தக்க ஒருத்தி தரைச் சீட்டை நீட்டினாள். ஒல்லி உடம்பு, சாயம் போன நூல் புடவை, கையில் ஒரு துணிப்பை. கடலூர் பஸ்ஸில் வந்து கிருமாம்பாக்கத்தில் இறங்கி நடந்திருக்கிறாள். பிரெஞ்சு எல்லைச் சாவடியில் பையைக் கொட்டிச் சோதித்ததில் துணியெல்லாம் கசங்கித் துருத்திக்கொண்டிருந்தது. நான் யாரோ என்று விட்டுவிட்டேன். அவள் பையைக் கீழே வைத்தாள். வெயிலுக்குத் தலைமேல் போட்டிருந்த துண்டை எடுத்தாள். ஒரு உதறு உதறி இடுப்பில் செருகினாள்.

சீட்டைக் கிழிக்கப் போன பாக்கியத்தின் விரல் நின்றுவிட்டது.

அவள் இடுப்புப் பையிலிருந்து லோட்டாவை எடுத்து, துணியைப் பிரித்து, வாசல் குடத்தில் அமிழ்த்தித் தண்ணீர் மொண்டாள். இரண்டு கையாலும் நீட்டினாள்.

"தண்ணி இங்க இருக்கு. எடுத்துக்குங்க" என்றாள்.

வந்தவள் அவளையும் லோட்டாவையும் பார்த்தாள். வாங்கி, அண்ணாந்து, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தாள். பிறகு, "எம் பேரு தனக்கோடி" என்றாள். எங்கள் கடுதாசியை ரவிக்கைக்குள் மடித்து வைத்திருந்தாள். அது கம்பெனியில் நாலு மாதம் யார் யார் மேஜையிலோ கிடந்து, கடைசியில் உடுப்புத் தைக்கிறவர் கையால் அவளுக்கு வந்திருக்கிறது. "பதினோரு படத்துல நடிச்சேன். ஒண்ணுலயும் பேர் போடல. வெலாசம் இல்லாத எனக்கு யாரு கடுதாசி போடுவாங்கன்னு, அவரு குடுத்தப்ப வாங்கவே பயந்தேன்" என்றாள்.

பாக்கியம் அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். வெள்ளைத் திரைக்கு முன்னால் நிறுத்தினாள். "பொம்பளைங்களே, இவுங்க பேரு தனக்கோடி" என்று ஒரு குரல் கொடுத்தாள். அந்த நெட்டை உடம்புக்குள் அப்படி ஒரு குரல் இருந்தது அதுவரை யாருக்கும் தெரியாது. தனக்கோடி என்று பெண்கள் பக்கம் திருப்பிச் சொன்னது. மறுபடி சொன்னது. மூன்றாம் தடவை கயிற்றுக்கு அந்தப் பக்கமும் சேர்ந்துகொண்டது. கடைத்தெருவில் கேலி பேசியவர்களும் அதில் உண்டு. பாய் தன் தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, படம் ஆரம்பிக்க வேண்டியதையே மறந்துவிட்டார். நாட்டாமை மனைவி வீட்டிலிருந்து பூ வரவழைத்தாள். நாட்டாமை அன்று படத்துக்கு வரவில்லை, காய்ச்சல் என்றார்கள். இருக்கட்டும்.

மறு வருஷ விழா நோட்டீஸில் கொட்டை எழுத்தில், 'ஸ்திரீகள் கொட்டையும் சேர்த்து எண்ணப்படும்' என்று பாய் அச்சடித்தார். அதற்குப் பிறகு மேரிக்கு, அதாவது பிரெஞ்சுக்காரன் நகரசபைக்கு, பெண்களுக்கும் ஓட்டு என்று சர்க்கார் அறிவித்தபோது, ஊர் ஊராகப் பெண்கள் தயங்கி நின்றார்களாம். எங்கள் பக்கத்துப் பெண்கள் நிற்கவில்லை. எங்களுக்குப் பழக்கமான காரியம் அது. ஓட்டு அன்று பாக்கியம் விடிந்ததும் முதல் ஆளாகப் போய் நின்றாள். வாசலில் இருந்தவன் ஒரே ஆளை இரண்டாம் தடவை உள்ளே விட்டபோது, "இவுரு காலையிலயே வந்துட்டுப் போனாரு, வெத்தல போட்டுக்கினு. வாசல்ல நின்னா ஆளப் பாக்கணும்பா" என்று அவனுக்கு வேலை சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தாள். உள்ளே போனவன் வந்த வழியே திரும்பினான்.

இவ்வளவுக்கும் சொந்தக்காரியை 'சீட்டுக் கிழிப்பாங்களே, அந்தம்மா' என்று சாவு சொல்லுகிறார்கள். அவளை எடுத்த அன்று வாசலில் நின்ற பெண்களை நான் எண்ணவில்லை, எண்ண முடியவில்லை. நாட்டாமை மனைவி தள்ளாத காலோடு வந்திருந்தாள். தகவல் எப்படிப் போயிற்றோ, இரண்டாம் நாள் தனக்கோடி வந்தாள். இப்போது சினிமா நோட்டீஸில் அவள் பேர் வருகிறது, சின்ன எழுத்தில். லோட்டாவைக் கையோடு கொண்டுவந்து, பாக்கியத்தின் விளக்குக்கு முன்னால் தண்ணீர் மொண்டு வைத்தாள். முந்தானையில் முடிந்துகொண்டு போயிருந்த கொட்டைகளை நான் அந்த விளக்கைச் சுற்றி வைத்திருந்தேன்.

பாக்கியத்திடமிருந்து எனக்கென்று வந்தது ஒன்றுதான். பானையைத் தொலைத்தது நான். தனக்கோடிக்கு அந்த லோட்டா கிடைக்காமலே போயிருந்தால் அது என்னால்தான். அதைப் பற்றி பாக்கியம் ஒரு நாளும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு யாராவது ஒரு கெடுதல் செய்தால் நான் சாகும்வரை வைத்திருப்பேன்; அவளுக்கு அது தெரியாத வித்தை. தனக்கோடி வந்த அன்று அவளை உள்ளே உட்கார வைத்துவிட்டு பாக்கியம் வாசலுக்குத் திரும்பி வந்தாள். கையில் அந்தத் தரைச் சீட்டு முழுசாக இருந்தது. அத்தனை வருஷத்தில் அவள் கிழிக்காமல் விட்டது அந்த ஒரு சீட்டுதான். என் உள்ளங்கையில் வைத்து விரலை மடக்கினாள்.

"இத்த நீ வை அஞ்சல" என்றாள். "ஒன் மாமியாகிட்ட மட்டும் காட்டாத. வறுத்துடப் போறா."

வைத்திருக்கிறேன் அக்கா. முழுசாக இருக்கிறது.